சிவப்புக் குஞ்சுகள்

நவம்பர் 9. இன்று அவசரப்பட்டுவிட்டேன். மற்ற மீன்களைத் தின்னும் ஆப்பிரிக்கக் கெளுத்தி பெருகிய குளத்தில் விரால் இல்லை என்று மீன்வள மாலை வகுப்புக்கு அறிக்கை எழுதியிருந்தேன். அந்த நினைப்பில், கரையோரம் திரண்ட சிவப்புக் குஞ்சுகளை யாரோ கொண்டுவந்து விட்ட கண்ணாடித்தொட்டி மீன்கள் என்று வாளியில் அள்ளி, அவையும் குளத்தில் பெருகிவிடக் கூடாதென்று தரையில் கொட்டப் போனேன்.

கெளுத்தி பிடிக்க வலை இழுக்கும் செல்லக்கனி அக்கா என் கையைப் பிடித்தார். "ஏளா, நீயெல்லாம் மீன் படிக்கியாக்கும்! விரால் குஞ்சு செவப்பாத்தான் இருக்கும். அங்க பாரு, தாய் தேடுது."

அல்லியருகே கரிய தலையொன்று மேலே வந்து வந்து அமிழ்ந்தது. வாளியை நீருக்குள் சாய்த்தேன். மூன்று செத்திருந்தன. மற்றவை ஒரே உருண்டையாகத் திரண்டு தாயிடம் போயின.

நாளை: அறிக்கையில் 'விரால் இல்லை' என்பதை அடித்துத் திருத்த வேண்டும். கெளுத்தி வலையை அல்லிக்கு அப்பால் போடவேண்டும்.