அங்க அடையாளம்

அடிமைகளை விடமாட்டோம் என்று போரிட்டுத் தோற்ற தெற்குச் சீமை மீண்டும் நாட்டோடு சேர்த்துக்கொள்ளப்பட்டு, அதன் பிரபுக்களுக்கு மன்னிப்பும் பதவியும் வழங்கப்பட்ட ஆண்டில், விடுதலை பெற்ற பூவாயி வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதியச் சென்றாள். பதிவு அதிகாரியின் நாற்காலியில் அவளுடைய பழைய எசமானர் அருமைநாயகம் அமர்ந்திருந்தார்.

“வாங்கம்மா, உக்காருங்க.”

“ஏய்னு கூப்பிட்ட வாயா இது? சரி, பேரைப் பதிஞ்சுக்குங்க.”

அவர் புன்னகை மாறாமல், “அங்க அடையாளம் ஒண்ணு வேணும்மா. இல்லாட்டி ஓட்டு கிடையாது,” என்றார்.

அவள் உடம்பில் வேறு மச்சமோ வடுவோ இல்லை. முந்தானையைச் சற்றே விலக்கி வலத் தோளைக் காட்டினாள். அவளுடைய பதினோராவது வயதில் அவர் சூடு வைத்த மயில் முத்திரை, தோலோடு சேர்ந்து வளர்ந்து அகன்றிருந்தது.

“போதுமா? இல்ல, யாரு வச்சதுன்னும் எழுதணுமா?”

“அதுக்குக் கட்டம் இல்லம்மா,” என்று மிகுந்த பணிவுடன் கூறிய அவர், ‘வலத் தோளில் மயில் வடிவத் தழும்பு’ என எழுதினார். பின்னர் அரக்கை உருக்கித் தாளில் சொட்டவிட்டு, தம் மோதிரத்தை அதன்மேல் அழுத்தினார்.

கருகிய நாற்றம் எழ, அவள் முந்தானையைத் தோள்மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். அதே மயில் பதிந்திருந்த தாளை, செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல் இரு விரல்களால் எடுத்துக்கொண்டாள்.

“தேர்தல் என்னைக்கு?” என்று கேட்டாள்.