தகரத் தட்டு

தென்கோடிப் பனிக்கடலில் இருக்கும் அந்தத் தீவுக்குப் பூனைகளைக் கொண்டுவந்தவர்கள் பழைய காலத்துச் சீல் வேட்டைக்காரர்கள். வளைகளில் முட்டையிடும் கடற்பறவைகளை அவை தின்று தீர்த்தன. பறவைகளைக் காப்பாற்றுவதற்காக இப்போது பூனைகளையெல்லாம் சுட்டாகிவிட்டது. ஒன்று மட்டும் அகப்படவில்லை. ஆய்வு நிலையத்துச் சமையல்காரன் சூசைக்கு அது எங்கே வரும் என்று தெரியும். மீன் ஆய்ந்தால் பூனைக்கு ஒரு தலை என்பது அவன் ஊர்க் கடற்கரை வழக்கம். தினமும் சாயங்காலம் பின்வாசலில் நின்று தகரத் தட்டைத் தட்டுவான், பறவை வளைகள் நிறைந்த சரிவு வழியாக அது ஓடிவரும்.

"ஒரே ஒரு தடவ தட்டும் அண்ணாச்சி. பறவையெல்லாம் பொழச்சிப் போவட்டும்," என்றான் துப்பாக்கியோடு வந்த மெக்கானிக் ரொசாரி.

சூசை தட்டினான். பூனை நம்பி வந்தது. வெடிச்சத்தம் கேட்டபோது அவன் அடுப்பைப் பார்த்துத் திரும்பியிருந்தான்.

அடுத்த கோடையில் சரிவெங்கும் பறவைக் குரல். "கேட்டீரா? எல்லாம் உம்ம புண்ணியம்," என்றான் ரொசாரி. சூசை மீனை ஆய்ந்து முடித்தான். கையில் ஒரு தலை மிஞ்சியது. மனம் கேட்காமல் பின்வாசலுக்குப் போய்த் தட்டைத் தட்டினான்.

சரிவு முழுவதும் சட்டென்று அடங்கியது. எந்த வளையிலும் ஒரு பறவைகூட மூச்சுக் காட்டவில்லை.