ஏழு மாதத்து அவசரம்

"இன்னையோட நூத்தி அறுபத்தெட்டு நாள். அதாவது இருபத்துநாலு வாரம். நீங்களும் நல்லா இருக்கீங்க, உள்ளே இருக்கிற ஆளும் நல்லா இருக்காங்க" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா பேனாவை மூடினார். "ஆனா பாலம் கட்டப் போகணும்னு அனுமதி கேட்கிறீங்களே, அதுல கையெழுத்துப் போடத்தான் யோசனையா இருக்கு."

"பாலம் கட்டியாச்சு டாக்டர். கடைசித் துண்டைத் தூக்கி வைக்கிறதுதான் பாக்கி" என்றாள் அவசரம்.

அவசரம் என்பது வீட்டில் அவளுக்கு விழுந்த பெயர். நடந்தால் ஓட்டம், சாப்பிட்டால் நாலே வாய். 'ஏழு மாசத்துலயே வந்து குதிச்சவ, வேற எப்படி இருப்பா' என்று அத்தை முதல் அடுத்த வீட்டுக்காரர் வரை சொல்லிச் சொல்லி, சொந்தப் பெயர் சான்றிதழ்களோடு நின்றுபோனது.

ஆற்றின் குறுக்கே மூன்று வருடமாக அவள் மேற்பார்வையில் எழுந்த பாலம். அடுத்த மாதம் கடைசித் துண்டு ஏறுகிறது. டாக்டர் சம்மதிக்காமல் கம்பெனி அவளை அனுப்பாது.

"அங்கேயும் சின்னதா ஒரு ஆஸ்பத்திரி இருக்கு டாக்டர்."

"நாள் நிறைஞ்சு பொறக்கிற குழந்தைக்கு அது போதும். ஏழு மாசத்துல பொறந்தா அஞ்சு மணி நேரம் தூக்கிக்கிட்டு ஓடணும். நீங்களே குறைமாசக் குழந்தைங்கிறீங்க. இது கொஞ்சம் வம்சத்துல வர்ற சமாச்சாரம். ஒரே ஒரு மரபணு பண்ற வேலை இல்ல. பல மரபணுக்கள் சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சம் கைவரிசையைக் காட்டும். அதுலயும் அம்மா வழிதான் முக்கியம். கட்டாயம் நடக்கும்னு சொல்லலை. வாய்ப்பு கூடுதல். அதனாலதான் உங்க அம்மாகிட்டயே கேட்கணும்னேன்."

அம்மா நாற்காலியின் நுனியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் முறை கூப்பிட்டபோது முழங்கால் வலி. இரண்டாம் முறை பல்வலி. இன்று வலிக்க வேறு இடம் அகப்படாமல் வந்திருந்தாள். பக்கத்தில் அப்பா.

"சொல்லுங்கம்மா. இவங்க பொறந்தப்போ எடை எவ்வளவு?"

"அன்னைக்குன்னு பார்த்துத் தராசு ரிப்பேர்."

"கண்ணாடிப் பெட்டியில எத்தனை நாள் வெச்சிருந்தாங்க?"

"பெட்டியா?" அம்மா அப்பாவைப் பார்த்தாள். "வெச்சிருப்பாங்க."

"சரி, எத்தனையாவது வாரத்துல பொறந்தாங்க?"

"கணக்கெல்லாம் இவருக்குத்தான் தெரியும்."

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்த அப்பா, ஓடாத மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். "வாரக்கணக்கு எனக்கு வராது" என்றார்.

அவசரத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டாக்டர், எங்கம்மா இப்படி மழுப்பி நான் பார்த்ததே இல்ல. கல்யாணத்துக்கு முன்னாடி நானும் அவரும் சினிமாவுக்குப் போனா, நடுவுல ஒரு சீட்டைப் பிடிச்சு உட்கார்ந்துக்குவாங்க. இடைவேளையில எங்க நாலு கையும் தனித்தனியா இருக்கான்னு எண்ணிப் பார்த்தவங்க."

"பெத்தவளுக்குத்தான் தெரியும்" என்று அம்மா முணுமுணுத்தாள்.

அப்பாவுக்கு இருமல் வந்தது.

"இன்னொரு விஷயம்" என்றார் டாக்டரம்மா. "குறைமாசத்துல பெத்த அம்மாக்களையும் அவங்க மகள்களையும் வெச்சு ஒரு ஆராய்ச்சி நடக்குது. நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் ரத்தம் கொடுத்தா, எந்தெந்த மரபணுன்னு தேட உதவியா இருக்கும்."

நர்ஸ் ஊசித் தட்டோடு வந்து நின்றாள். அம்மா கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"ஊசின்னா பயமாம்மா?" என்று கேட்டாள் அவசரம்.

"பயமெல்லாம் இல்லை. அவங்க தேடுறது என் ரத்தத்துல இருக்காது."

"அதை ஆராய்ச்சி பண்றவங்க சொல்லட்டுமே."

"பாவம், படிச்சவங்க. அவங்க பொழப்பை நான் ஏன்டி கெடுக்கணும்?"

டாக்டரம்மா சிரித்துவிட்டு நர்ஸை அனுப்பினார். கதவு சாத்திக்கொண்டது.

"ரத்தம் உங்க இஷ்டம்மா. ஆனா பயணம் வேண்டாம்" என்றார் மகளைப் பார்த்து. "உங்க அம்மாவுக்கு நடந்தது அங்கே உங்களுக்கும் நடந்தா, அந்தக் குழந்தைக்கு நான் என்ன பதில் சொல்ல?"

அவசரம் மேஜையிலிருந்த அனுமதிக் கடிதத்தை மெல்லத் தள்ளி வைத்தாள்.

"மூணு வருஷம் டாக்டர்" என்றாள். "வெயில்லயும் மழையிலயும் நின்னு கட்டினேன். கடைசித் துண்டு உட்கார்றதைப் போட்டோவுலதான் பார்க்கணுமா? சரி. குழந்தைதான் முக்கியம்." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

அம்மா கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். பிறகு முழங்கையால் அப்பாவை இடித்தாள்.

"நீங்க சொல்லுங்களேன்."

"நீயே சொல்லு. ஏழு மாசம்னு ஊரெல்லாம் சொல்லிவெச்சது நீதானே?"

அம்மா ஒருமுறை கதவைப் பார்த்துக்கொண்டாள். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல், மேஜை விளிம்பைப் பார்த்து ஒரே மூச்சில் சொன்னாள்.

"கையெழுத்தைப் போடுங்க டாக்டரம்மா. இவ பத்து மாசமும் நிறைஞ்சு, மூணே முக்கால் கிலோவுல, நிதானமாத்தான் பொறந்தா. கல்யாணத்துக்கு முன்னாடி அவசரப்பட்டது நாங்க ரெண்டு பேரும்தான்."