பாலத்துத் திருடன்

என் மகள் கார்குழலிக்குத் திக்குவாய். யாராவது பெயர் கேட்டால் "கா... கா..." என்று திணறுவாள். மீதியை நாங்களே அவசரமாகச் சொல்லி முடித்துவிடுவோம்.

கண்ணில் கண்ணாடி மாட்டிக்கொண்டு அவள் ஆடும் வீடியோ கேமில் பாலத்தை மறிக்கும் திருடன் ஒருவன் உண்டு. பெயரைச் சொன்னால்தான் சண்டைக்கு வருவான். அவள் எவ்வளவு திணறினாலும், முழுப்பெயரும் வரும்வரை வாளை ஓங்கியபடியே காத்திருப்பான். பிறகு தோற்றுச் சாவான். தினமும் இதேதான்.

இன்று வகுப்பில் தன் பெயரை அவளே சொன்னாளாம்.

அவள் குளிக்கப் போனதும் அந்த கேம் கண்ணாடியை நான் மாட்டிக்கொண்டேன். திருடன் பாய்ந்து வந்தான்.

"யாரு நீ? பேரச் சொல்லு!"

"நான் கார்குழலியோட அம்மா."

வாள் இறங்கியது.

"கிளாஸ்ல சொல்லிட்டாளாம்மா?"

"சொல்லிட்டா."

"அப்ப சரி. என்னை வெட்டிட்டுத் தாண்டிப் போங்க."

எனக்குக் கை எழவில்லை. அவனைக் கும்பிட்டுவிட்டு, வந்த வழியே திரும்பினேன்.