பத்து நாள் குழந்தை

வடிவு என்ற குரங்கு, தாயை இழந்த இரண்டு வயதுக் குட்டி செவ்வந்தியைத் தத்தெடுத்தது. பெறாத பிள்ளை என்று சொந்தங்கள் பேசுமே என்று வடிவுக்குப் பயம்.

"யாராவது வந்தா என் வயித்தைக் கட்டிக்கோ. நீ பிறந்து பத்து நாள். வாயைத் திறக்காதே" என்றது.

பார்க்க வந்த பெரியம்மா குரங்கு, கிளைக்குக் கீழே தொங்கிய செவ்வந்தியின் நீளக் கால்களை உற்றுப் பார்த்தது.

"பத்து நாள்லயே இவ்வளவு வளர்த்தியா?"

"எங்க வம்சம் அப்படி" என்ற வடிவு, பாரம் தாங்காமல் சறுக்கியது. செவ்வந்தி சட்டென்று ஒரு கையால் கிளையையும் மறுகையால் வடிவையும் பற்றிக்கொண்டது.

"அம்மா, கெட்டியாப் பிடிச்சுக்கோ."

"அடியே, பேசுதே" என்றது பெரியம்மா.

வடிவு மூச்சு வாங்கியது.

"ரெண்டு வயசாச்சு, பெரியம்மா. என்னை அம்மான்னு கூப்பிட்டது இப்பத்தான்."