மேசையின் உயரம்

“வலி உங்க இடுப்புல இல்லண்ணே. மேசையில இருக்கு.”

மலேசியாவின் ஈப்போவில், எலும்பு தசை வலிகளைக் கையால் நீவிச் சரிசெய்யும் ஆஸ்டியோபதி கிளினிக் வைத்திருக்கும் தினேஸ்வரி, வேலை செய்து உடம்பு வலி என்று வருகிற எல்லாரிடமும் இதைத்தான் சொல்வாள்.

குப்புறப் படுத்திருந்த உஸ்மான் முனகினார். ஆறடி ஆள். பக்கத்து ஊரான செமோரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சாயங்காலம் ரொட்டி சானாய், அதாவது அந்த ஊர்ப் பரோட்டா, போடுகிறவர்.

“அவ்வளவு தாழ்ந்த மேசையில குனிஞ்சு குனிஞ்சு மாவு பிசைஞ்சா இடுப்பு என்னத்துக்கு ஆகும்? மேசைய ஏத்தச் சொல்லுங்க. இல்லன்னா ரொட்டி வேலையை மறந்துட வேண்டியதுதான்.”

“முதலாளி ஒத்துக்க மாட்டாரு டாக்டர்.”

தினேஸ்வரிக்குக் கஞ்சப் பிசினாறிகளைக் கண்டாலே ஆகாது. மறுநாள் காலையில் நேரே கடைக்குப் போய்விட்டாள்.

முதலாளி நாகூர் மீரான் கவுண்டரில் இருந்தார்.

“உஸ்மான் இடுப்பு உடைஞ்சாலும் மேசைய ஏத்த மாட்டீங்களாமே?”

அவர் திகைத்தார். அப்புறம் சிரித்தார்.

“பழி எம்மேலயா? மேசை உயரமாத்தான் இருந்துச்சு டாக்டர். போன மாசம் அவனேதான் ரம்பம் கொண்டாந்து நாலு காலையும் அறுத்தான்.”

“அவரேவா? ஏன்?”

நாகூர் மீரான் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். “பாப்பாக்கா, கொஞ்சம் வாங்க.”

மாவுக் கையோடு வந்தவர் ஐந்தடிகூட இல்லை. காலையில் அதே மேசையில் சப்பாத்தி தேய்ப்பவர். தினேஸ்வரியைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

“டாக்டர், தோள்பட்டை வலி போயே போச்சு லா.” கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். “வலி தோள்ல இல்ல, மேசையில இருக்கு, இறக்கச் சொல்லுங்கன்னு சொன்னீங்கள்ல? உஸ்மான் தம்பிதான் இறக்கிக் குடுத்துச்சு. நீ குனியணுமே தம்பின்னு கேட்டேன். தனக்கு எந்த உயரமும் ஒண்ணுதான்னு சொல்லிடுச்சு.”

தினேஸ்வரிக்கு நிற்கவே கூச்சமாக இருந்தது.

“உஸ்மானுக்கு வேற மேசை போட முடியுமாண்ணே?” என்று மெல்லக் கேட்டாள்.

“போட்டுறலாம் லா. ஆனா எங்க தோசை போடுற ஆளுக்கும் கழுத்து வலி டாக்டர். அவர உங்ககிட்ட அனுப்பத்தான் இப்ப பயமா இருக்கு.”