திரேசாவின் சம்பல்

குருநகர்க் கடலோரத்து வலைக்கொட்டிலில் மதிய வெயில் ஓலைக்கூரையின் கிடுகு ஓட்டைகளால் இறங்கி, பின்னி முடியாத வலைகளின்மேல் பொட்டுப் பொட்டாகக் கிடக்கிறது. தூரத்தில் ஆமி ஹெலிகொப்டர் ஒன்று சுற்றுகிறது. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பொருளாதாரத் தடை வந்தபிறகு ஒரு வீட்டுச் சோறு ஒருத்திக்கே காணாது என்பதால், எல்லோருடைய சோற்றையும் கறியையும் ஒரே சட்டியில் கொட்டி மரியநாயகி அக்கா குழைக்கிறாள். வலை பின்னும் பெண்கள் சுற்றி இருக்கிறார்கள். அக்னேஸ் மட்டும் தூணோரம், மூடி திறக்காத சாப்பாட்டுப் பெட்டியோடு. அவளும் திரேசாவும் ஒரே வீட்டில் புருசன் பெண்சாதி மாதிரி இருக்கிறார்கள் என்று கதை வந்ததிலிருந்து, அந்த வீட்டுச் சமையல் இந்தச் சட்டிக்குள் விழுவதில்லை. வேண்டாமென்று முதலில் சொன்னவள் யசிந்தா.

மரியநாயகி குழைத்த கையை அப்படியே அக்னேசிடம் நீட்டுகிறாள். "கொண்டா பிள்ளை."

"அக்கா, இது திரேசா இடிச்ச சம்பல்."

"ஓம், தெரியும். கொண்டா."

சம்பல் சட்டியின் நடுவில் விழுகிறது. அவள் அடியிலிருந்து கிளறிப் பிசைகிறாள். சோறெங்கும் சிவப்பு ஏறுகிறது, இனி யாராலும் அதைப் பிரித்தெடுக்க முடியாது. உருட்டிய சோற்றுத் திரணைகள் ஒவ்வோர் உள்ளங்கையிலும் இறங்குகின்றன, அக்னேசின் கையிலும். யசிந்தாவின் கை மட்டும் மடியிலேயே கிடக்கிறது. கிடுகில் காற்று உரசும் சத்தம். பிறகு அந்தக் கை மெல்ல நீள்கிறது. மென்று விழுங்கி, விரலைச் சூப்பிக்கொண்டு, வலையைப் பார்த்தபடியே சொல்கிறாள்: "தேசிப்புளி கூடிப்போச்சு. நாளைக்குக் கொஞ்சம் குறைச்சு விடச் சொல்லு, உன்ரை திரேசாவை."